தோட்டா விலையில தோற்கக் கூடாது நம்ம பிள்ளைங்க!



கொஞ்சம் நீளமான பதிவு. மீம் போட்டு முடிக்கிற விஷயம் இல்ல இது. டீ ஒன்னு போட்டு வெச்சுக்கிட்டுப் பொறுமையா படிங்க.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ல துப்பாக்கி சுடுதலில் மட்டும் இந்தியாவுக்கு 3 வெண்கலம். மனு பாக்கர் தனியா ஒன்னு, சரப்ஜோத் சிங்கோட சேர்ந்து ஒன்னு. மூணாவது, மகாராஷ்டிரா கோலாப்பூர் மாவட்டத்துக்காரர் ஸ்வப்னில் குசாலே. அப்போ அவர் ரயில்வே டிக்கெட் பரிசோதகர். அன்னைக்கு நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டோம், கை தட்டினோம். அடுத்த நாள் மறந்துட்டோம்.

அந்த மூணு பதக்கத்துக்குள்ள ஒரு வித்தியாசம் இருக்கு. முதல் ரெண்டும் காத்தடிச்சு சுடுற ஏர் பிஸ்டல். அதுல போடுறது சின்ன ஈய பெல்லட். குசாலே ஜெயிச்சது 50 மீட்டர் ரைபிள், மூன்று நிலைப் போட்டி. மண்டியிட்டு, படுத்து, நின்னு சுடணும். அதுல போடுறது நிஜத் தோட்டா, பாயிண்ட் 22. அந்தப் போட்டியில இந்தியா வாங்கின முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். 2008ல அபினவ் பிந்த்ரா தங்கம், 2012ல ககன் நாரங் வெண்கலம்: ரெண்டுமே ஏர் ரைபிள். 2012லயே 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில ஜோய்தீப் கர்மாகர் 4ஆம் இடம் வந்து பதக்கத்தைக் கோட்டைவிட்டார்.

பெல்லட்ல இவ்வளவு முன்னேறின நாடு, தோட்டாவுல ஏன் இவ்வளவு தாமதம்? பயிற்சியாளர், ரேஞ்ச், ரைபிள் விலைன்னு காரணம் பல உண்டு. ஆனா யாரும் பேசாத காரணம் ஒன்னு இருக்கு: தோட்டா. நல்ல தோட்டா, கட்டுபடியாகுற விலையில, வேணுங்கிற நேரத்துல, சாதாரண வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்குதா? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

*முதல்ல ஒரு கணக்கு*

பாயிண்ட் 22 தோட்டா ஒரு டப்பாவுல 50 இருக்கும். 10 டப்பா சேர்ந்தா 500. அதுல 10 சேர்ந்தா 5,000, ஒரு பெரிய பெட்டி.

தீவிரமா பயிற்சி எடுக்கிற ஒரு வீரர் ஒரு நாளைக்கு 100 தோட்டா சுடுறார்னு வெச்சுக்குவோம். வாரம் 5 நாள், வருஷம் 48 வாரம். 24,000 தோட்டா. தோட்டா ஒன்னு 20 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு எடுத்துக்கிட்டா வருஷத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். விலை வெறும் 10 ரூபாய் கூடினா மேல 2 லட்சத்து 40 ஆயிரம்.

சரி, அது டாப் லெவல். இப்பத்தான் கத்துக்கிற ஒரு காலேஜ் பொண்ணுக்குக் கணக்கு போடுவோம். ஒரு நாளைக்கு 50 தோட்டா, வாரம் 3 நாள், வருஷம் 40 வாரம். 6,000 தோட்டா. அதே 20 ரூபாய்னா 1 லட்சத்து 20 ஆயிரம். இதுல ரைபிள் இல்ல, ஜாக்கெட் இல்ல, ரேஞ்ச் கட்டணம் இல்ல, பஸ் காசு இல்ல. சுட்டா தீர்ந்து போற பொருளுக்கு மட்டும் இவ்வளவு.

கிரிக்கெட் பந்து ஒரு மேட்ச் தாங்கும். கேரம் காய் பத்து வருஷம் தாங்கும். தோட்டா ஒரு நொடி. சுட்டதும் காசு போச்சு.

அதனாலதான் பெரும்பாலான பெற்றோர் ஏர் ரைபிளோட நிறுத்திக்கிறாங்க. குழல் அளவு 0.177 அங்குலத்துக்குள்ள, சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா ஏர்கன்னுக்கு ஆயுத உரிமம் தேவையில்ல. பெல்லட்டும் மலிவு. அதைத் தாண்டி 50 மீட்டர் ரேஞ்சுக்குள்ள கால் வைக்கும்போதுதான் உரிமம், அனுமதி, இறக்குமதி, விலைன்னு ஒவ்வொரு சுவரா எழும்புது.

*‘விலை குறைஞ்ச தோட்டா போதாதா?’*

நியாயமான கேள்வி. பதில் சொல்றதுக்குக் கொஞ்சம் இயற்பியல் வேணும். இன்ஜினியரிங் முடிச்சுட்டு ஐடி விங்ல உட்கார்ந்திருக்கிறவங்க எதுக்கு இருக்கோம்? சொல்லிடுறோம்.

50 மீட்டர் ரைபிள் இலக்குல 10 மதிப்பெண் வட்டம் எவ்வளவு பெருசு தெரியுமா? விட்டம் 10.4 மில்லிமீட்டர். நம்ம சுண்டுவிரல் நகம் அளவு. அதை 50 மீட்டர் தள்ளி நின்னு அடிக்கணும். குண்டோட ஓரம் அந்த வட்டத்தைத் தொட்டாலே 10 கிடைக்கும். அதாவது குண்டோட மையம் இலக்கோட நடுவுல இருந்து 8 மில்லிமீட்டருக்குள்ள விழணும்.

போட்டித் தோட்டா நொடிக்கு சுமார் 320, 330 மீட்டர் வேகத்துல போகும். 50 மீட்டரைக் கடக்க 0.16 நொடி. அந்தக் கண் சிமிட்டும் நேரத்துலயே புவியீர்ப்பு குண்டை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துடும். அதுக்கு ஏத்த மாதிரி சைட்டை முன்கூட்டியே சரி பண்ணி வெச்சிருப்பாங்க. பிரச்சினை இல்ல.

பிரச்சினை எங்கன்னா, ஒரே டப்பாவுல இருக்கிற ரெண்டு தோட்டா ரெண்டு வேகத்துல போனா? ஒன்னு 320, இன்னொன்னு 330. பத்தே மீட்டர் வித்தியாசம். ஆனா இலக்குல அது 7, 8 மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ போய் உட்காரும். இறுதிச் சுற்றுல புள்ளி தசமத்துல போடுவாங்க. 0.8 மில்லிமீட்டருக்கு 0.1 புள்ளி. அப்படின்னா மிகச் சரியா குறி வெச்சு, 10.9 வர வேண்டிய குண்டு, தோட்டாவோட தப்பால 10.0ல போய் விழும். வீரர் கை கொஞ்சம் அசைஞ்சிருந்தா 9.

பாரிஸ்ல ஏர் பிஸ்டல் இறுதியில மனு பாக்கர் வெள்ளிக்கான வாய்ப்பை இழந்தது வெறும் 0.1 புள்ளியில. இந்த விளையாட்டுல 0.1 எவ்வளவு பெருசுன்னு அதுல இருந்து புரிஞ்சுக்குங்க.

இந்த வேக வித்தியாசம் எங்கிருந்து வருது? பாயிண்ட் 22 தோட்டாவுல பித்தளைக் கேஸோட அடி விளிம்புக்குள்ளதான் பிரைமர் மருந்து இருக்கும். விளிம்பு முழுக்க அது சமமா பரவியிருக்கணும். உள்ள இருக்கிற வெடிமருந்து 0.1 கிராம் அளவுக்குள்ளதான். அதுல ஒரு துளி கூடக் குறைய இருந்தாலும் வேகம் மாறும். விளிம்போட தடிமன், ஈயக் குண்டோட எடை, அது மேல பூசின மெழுகு எல்லாமே கணக்கு. ஆயிரக்கணக்குல ஓடுற மெஷின்ல இதெல்லாம் ஒரே மாதிரி வரணும். அதுக்குத்தான் காசு.

ரொம்ப மலிவான தோட்டாக்கள்ல பல, வெளிநாட்டுல சும்மா தகர டப்பாவைச் சுட்டு விளையாடுறதுக்கும் சின்ன வேட்டைக்கும் செய்யுறது. வேகமாப் போகும். ஒலியோட வேகத்தைத் தாண்டிக் கிளம்பி, வழியில ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும். அப்படி இறங்குற இடத்துல குண்டு தடுமாறும். போட்டித் தோட்டா அதனாலதான் முதல்ல இருந்தே ஒலி வேகத்துக்குக் கீழேயே கிளம்புது. இங்க வேகம் பெருமை இல்ல. ஒரே மாதிரி இருக்கிறதுதான் பெருமை.

இன்னொன்னு, வெடிக்காத தோட்டா. ட்ரிக்கர் இழுத்தா ‘டிக்’னு மட்டும் சத்தம் வரும். உடனே திறக்கக் கூடாது, தாமதமா வெடிக்கலாம். குழலை இலக்குப் பக்கமே வெச்சுக் காத்திருக்கணும். இப்படி நாலு தடவை ஆனா, புதுசா கத்துக்கிற பிள்ளைக்கு அடுத்த குண்டுக்கு முன்னாடியே உடம்பு விறைச்சுக்கும். பயத்துல ட்ரிக்கரை வெடுக்குன்னு இழுக்கிற பழக்கம் வந்துடும். அதைத் திருத்த மாசக்கணக்காகும்.

*ஆனா, ‘விலை குறைவு’ன்னா ‘மட்டம்’னு அர்த்தம் இல்ல*

இதுதான் பலருக்குத் தெரியாதது. இங்கதான் நம்ம கோரிக்கையே இருக்கு.

உலகத்துல பாயிண்ட் 22 போட்டித் தோட்டாவுக்குப் பேர் போனவங்க ஒரு கை விரல்ல அடங்குவாங்க. இங்கிலாந்து பர்மிங்காம் பக்கம் ஈலி. ஜெர்மனியில ஆர்டபிள்யூஎஸ். பின்லாந்து பேர்ல லப்புவா. இதுல லப்புவாவோட பாயிண்ட் 22 தோட்டா தயாராகுறது ஜெர்மனியில ஷோனபெக்ங்கிற ஊர்ல. அதே ஆலையில இருந்துதான் எஸ்கே-ங்கிற விலை குறைஞ்ச பிராண்டும் வருது. ஈலியில டெனெக்ஸ்னு உச்சம் இருக்கு, ஈலி ஸ்போர்ட்னு பயிற்சிக்கும் இருக்கு. ஆர்டபிள்யூஎஸ்லயும் ஆர்50ன்னு உச்சம், டார்கெட் ரைபிள்னு பயிற்சிக்கு.

அதாவது நல்ல ஆலை, நல்ல பழக்கம், ஆனா விலை குறைஞ்ச ரகம். இந்த நடுத்தர ரகம்தான் வளர்ற வீரருக்குத் தேவை. தினமும் டெனெக்ஸ் சுடணும்னு எந்தப் பயிற்சியாளரும் சொல்ல மாட்டார்.

ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் ஒவ்வொரு ‘லாட்’ ஒத்துப் போகும். ஒரே பிராண்ட், ஒரே விலை, ஆனா வேற வேற நாள்ல தயாரான லாட், உங்க ரைபிள்ல வேற வேற மாதிரி விழும். அதனால ஐரோப்பாவுல வீரர்கள் ரைபிளைத் தூக்கிக்கிட்டு ஆலையோட சோதனைக் கூடத்துக்கே போறாங்க. ரைபிளை வைஸ்ல இறுக்கிப் பூட்டி, பத்து இருபது லாட்டைச் சுட்டுப் பார்த்து, எந்த லாட்ல குண்டெல்லாம் ஒரே ஓட்டையில நெருக்கமா விழுதோ, அந்த லாட்டை மொத்தமா வாங்கிட்டுப் போறாங்க. ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் 15 மில்லிமீட்டருக்குள்ள 10 குண்டும் அடங்கினா தங்கம் மாதிரி. 25 மில்லிமீட்டர் சிதறினா, அசையாம பூட்டின துப்பாக்கியே 9 அடிக்கும். அப்புறம் மனுஷன் கையால எப்படி 10 அடிக்கிறது?

நம்ம ஊர் பிள்ளை என்ன செய்யுது? சங்கத்துல எந்த ஸ்டாக் வந்திருக்கோ அதை வாங்கிக்குது. போன மாசம் ஒரு லாட், இந்த மாசம் வேற லாட், அடுத்த மாசம் ஸ்டாக்கே இல்ல. தோட்டா மாறும்போதெல்லாம் குழல் புது மெழுகுக்குப் பழகவே சில குண்டுகளை வீணாக்கணும். சைட்டை மறுபடி சரி பண்ணணும். ஸ்கோர் இறங்கினா தப்பு தன் மேலயா, தோட்டா மேலயான்னே தெரியாது. இதைவிடக் கொடுமை ஒரு விளையாட்டு வீரருக்கு வேற என்ன இருக்கு?

சுருக்கமா சொன்னா, விலை குறைஞ்ச நல்ல தோட்டா உலகத்துல இருக்கு. அது நம்ம பிள்ளை கைக்கு, ஒரே லாட்டா, தொடர்ச்சியா வர்றது இல்ல.

*வழி எங்க அடைபடுது?*

தோட்டா இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியல்ல இருக்கு. அனுமதி இல்லாம ஒரு டப்பா கூட உள்ளே வர முடியாது. அது சரிதான். தேங்காய் எண்ணெய் மாதிரி யார் வேணும்னாலும் இறக்குமதி பண்ற பொருள் இல்ல இது.

ஆனா வெளிநாட்டுத் தோட்டாவைச் சலுகையில கொண்டு வர்ற ஏற்பாட்டோட மையத்துல இருக்கிறது ‘ரினவுண்ட் ஷூட்டர்’, அதாவது ‘பெயர் பெற்ற வீரர்’ங்கிற தகுதி. அந்தத் தகுதி எப்படிக் கிடைக்கும்? தேசியப் போட்டியில ஓப்பன் பிரிவுல கலந்துக்கிட்டு, தேசிய ரைபிள் சங்கம் நிர்ணயிச்ச குறைந்தபட்ச ஸ்கோரை எட்டணும்.

யோசிங்க. நல்ல தோட்டா சலுகையில வேணும்னா ஸ்கோர் வேணும். ஸ்கோர் வேணும்னா நல்ல தோட்டாவுல சுட்டுப் பழகணும். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்ங்கிற கதை!

டாப்ஸ் திட்டத்துல உச்ச நிலை வீரர்களுக்கு அரசு செலவுலயே தோட்டாவும் வெளிநாட்டுப் பயிற்சியும் கிடைக்குது. நல்ல விஷயம், பாராட்டுறோம். ஆனா அது ஏணியோட மேல் படி. கீழ்ப் படியில நிக்கிறவனுக்கு என்ன இருக்கு? வென்றவனுக்குச் சலுகை, வெல்லப் போறவனுக்கு முழு விலை. விதையை வெயில்ல காயப் போட்டுட்டு, பழுத்த மரத்துக்குத் தண்ணி ஊத்துற வேலை இது.

இதுல மாநிலம் எங்க வருது? அரசியல் சாசனத்தோட ஏழாவது அட்டவணையைப் பாருங்க. ஆயுதம், துப்பாக்கி, வெடிமருந்து: மத்தியப் பட்டியல், 5ஆவது இனம். விளையாட்டு: மாநிலப் பட்டியல், 33ஆவது இனம். நம்ம பிள்ளை விளையாடுறது மாநிலப் பட்டியல்ல, அந்தப் பிள்ளை சுடுற தோட்டா மத்தியப் பட்டியல்ல. ரெண்டு கதவுக்கு நடுவுல விரல் மாட்டிக்கிட்டு நிக்குது பிள்ளை. டெல்லி ‘விளையாட்டு உங்க வேலை’ங்குது, சென்னை ‘தோட்டா அவங்க வேலை’ங்குது. யார் ஆட்சியில இருந்தாலும் இதே பதில்தான் வருது. இந்தப் பந்து விளையாட்டை நிறுத்தணும்னுதான் இந்தப் பதிவு.

*இறக்குமதியை மட்டும் நம்பினா?*

அமெரிக்காவுல நடந்த கதை ஒன்னு சொல்றோம். அங்க பல வருஷமா மலிவுத் தோட்டான்னா ரஷ்யாதான். உல்ஃப், துலான்னு பேரு. பித்தளைக்குப் பதிலா இரும்புக் கேஸ், குண்டு மேலயும் இரும்பு கலந்த உறை. குழல் சீக்கிரம் தேயும், சில ரேஞ்சுகள்ல காந்தம் வெச்சுப் பார்த்து உள்ளேயே விட மாட்டாங்க. இருந்தாலும் விலை குறைவு, அதனால சாதாரண ஜனங்க வாங்கிக் குவிச்சாங்க. 2021 செப்டம்பர் 7. நவால்னி விஷம் வைக்கப்பட்ட விவகாரத்துல ரஷ்யா மேல தடை. ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புது அனுமதி கிடையாதுன்னு ஒரே அறிவிப்பு. மலிவுத் தோட்டாவோட கதவு மூடிருச்சு.

அடுத்த வருஷம் உக்ரைன் போர். தோட்டா ஆலைகள் மேலயும் மருந்து, மூலப்பொருள் மேலயும் ராணுவத் தேவை வந்து உட்கார்ந்துச்சு. லப்புவா பிராண்டை வெச்சிருக்கிற நம்மோ நிறுவனமே ராணுவத் தளவாடமும் செய்யுற நிறுவனம்தான். ராணுவ ஆர்டர் வரிசையில நிக்கும்போது, விளையாட்டுத் தோட்டாவுக்கு எத்தனையாவது இடம்னு நீங்களே சொல்லுங்க. 

எங்கேயோ நடக்கிற போர், எங்கேயோ போடுற தடை. அடி விழுறது நம்ம ஊர் ரேஞ்சுல பயிற்சி எடுக்கிற பிள்ளைக்கு. அதனால இறக்குமதி வேணும், ஆனா இறக்குமதி மட்டும் போதாது.

*நம்ம கையில என்ன இருக்கு?*

புனே பக்கம் கட்கியில 1869ல தொடங்கின அம்யூனிஷன் ஃபேக்டரி இருக்கு. 2021 அக்டோபர்ல ராணுவத் தளவாட வாரியத்தைக் கலைச்சு 7 நிறுவனமாப் பிரிச்சப்போ, அது முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டுக்குக் கீழ வந்துச்சு. அதே நிறுவனத்துக்குக் கீழதான் நம்ம நீலகிரி அரவங்காடு கார்டைட் ஃபேக்டரியும் இருக்கு. குன்னூர்ல இருந்து ஊட்டி ரயில்ல போறவங்க பார்த்திருப்பீங்க. நூறு வருஷத்துக்கு மேல வெடிமருந்து செய்யுற ஊர். திருச்சியில துப்பாக்கித் தொழிற்சாலை 1966ல இருந்து இருக்கு. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சின்னு 5 இடத்தை இணைச்சு ராணுவத் தளவாட வழித்தடமே அறிவிச்சிருக்காங்க.

மருந்து செய்யத் தெரிஞ்ச ஊர் இருக்கு. துப்பாக்கி செய்யத் தெரிஞ்ச ஊர் இருக்கு. மைக்ரான் கணக்குல லேத் ஓட்டுற கோயம்புத்தூர்க்காரங்க இருக்காங்க. உலகத் தரத்துல ஒரு பாயிண்ட் 22 பயிற்சித் தோட்டா செய்ய இன்னும் என்ன வேணும்? ஆர்டர் வேணும். தரத்தை அளந்து வெளிப்படையா சொல்ற ஒழுக்கம் வேணும். அவ்வளவுதான்.

ஆளும் இருக்காங்க. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்லயும் ஏர் ரைபிள் சுட்டாங்க. ஆனா வளர்ந்ததும் பயிற்சி எடுத்ததும் குஜராத்ல. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ்ல ட்ராப் போட்டியில நின்னார். அடுத்தவங்க எங்க இருக்காங்க தெரியுமா? அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி என்சிசி மைதானத்துல இருக்காங்க. கிராமத்துப் பிள்ளை வாழ்க்கையில முதல் தடவை பாயிண்ட் 22 ரைபிளைத் தொடுறது அங்கதான். முகாம்ல படுத்துக்கிட்டு சில குண்டு சுடும். அஞ்சும் ஒரே இடத்துல விழும். ஆசிரியர் தட்டிக் கொடுப்பார். அதோட சரி. முகாம் முடிஞ்சதும் அந்தக் கண்ணுக்கும் அந்தக் கைக்கும் அடுத்த தோட்டா கிடைக்காது.

*ரெண்டு எதிர்க்கேள்வி*

கமெண்ட்ல வரும்னு தெரியும். இப்பவே பதில் சொல்லிடுறோம்.

‘இது பணக்காரங்க விளையாட்டு, கட்சி ஏன் பேசணும்?’

பணக்காரங்க விளையாட்டா இருக்குன்னுதான் பேசறோம். டிக்கெட் பரிசோதகர் ஒருத்தர் ஒலிம்பிக் மேடையில நின்னாரே, அவரை மாதிரி நூறு பேர் வரணும்னா தோட்டா விலை நடுவுல நிக்கக் கூடாது. செஸ் போர்டு எல்லா வீட்டுக்கும் போனதாலதான் தமிழ்நாடு கிராண்ட்மாஸ்டர்களோட ஊராச்சு. பணக்காரன் வீட்டுல மட்டும் இருந்திருந்தா ஆகியிருக்குமா?

‘தோட்டா மலிவானா துப்பாக்கிக் கலாச்சாரம் வராதா?’

வரக் கூடாது. அதுல எந்தச் சமரசமும் இல்ல. நாம கேக்குறது வீட்டுக்கு வீடு தோட்டா இல்ல. சங்கத்தோட பாதுகாப்பு அறையில இருக்கட்டும். ரேஞ்சுல கொடுக்கட்டும், ரேஞ்சுலயே சுடட்டும், காலிக் கேஸை எண்ணித் திருப்பி வாங்கட்டும். என்சிசி முகாம்ல இன்னைக்கும் அப்படித்தான் நடக்குது. பதிவேடு இன்னும் கறாரா இருக்கட்டும், வரவேற்கிறோம். கட்டுப்பாடு ஆயுதத்து மேல இருக்கணும், கனவு மேல இருக்கக் கூடாது.

*நம்ம கோரிக்கைகள்*

1. சலுகை கீழ்ப் படிக்கும் இறங்கணும். 2016 ஆயுத விதிகள்லயே ஜூனியர் வீரர், வளரும் வீரர்னு தனித்தனி வகை இருக்கு. உரிமத்துல இருக்கிற அந்த வகையை வரிச் சலுகையிலும் கொண்டு வாங்க. தனி ஆள் பேர்ல தர யோசனையா? அங்கீகரிச்ச மாநிலச் சங்கம், மாவட்ட ரைபிள் கிளப் பேர்ல தாங்க. சென்னை, மதுரை, கோவை கிளப்புகள் கணக்கு காட்டட்டும்.

2. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒரு தோட்டா வங்கி தொடங்கணும். வருஷத் தேவையை முன்கூட்டியே கணக்கெடுத்து, பயிற்சி ரகத் தோட்டாவை ஒரே லாட்டா மொத்தமா வாங்கி வைக்கணும். நம்ம ஊர் வெயிலுக்கு மெழுகு இளகும், அதனால குளிர்ச்சியான, ஈரமில்லாத கிடங்கு வேணும்.

3. ஒரு லாட் சோதனைக் கூடம். 50 மீட்டர் மூடின பாதை, ரைபிளைப் பூட்ட ஒரு வைஸ், வேகம் அளக்க ஒரு க்ரோனோகிராஃப், ஒரு எலக்ட்ரானிக் இலக்கு. ஐரோப்பாவுக்கு விமானம் ஏற முடியாத பிள்ளை, பஸ் ஏறி வந்து தன் ரைபிளுக்கு எந்த லாட் சரின்னு பார்த்துட்டுப் போகட்டும். இதுக்கு ஆகுற செலவு ஒரு பாராட்டு விழாப் பந்தல் செலவை விடப் பெருசா இருக்காது.

4. முனிஷன்ஸ் இந்தியாவுக்கு மத்திய அரசு ஒரு தெளிவான இலக்கு கொடுக்கணும்: போட்டித் தரத்துல ஒரு பாயிண்ட் 22 தோட்டா. ஒவ்வொரு லாட்டுக்கும் சராசரி வேகம், வேக வித்தியாசம், 50 மீட்டர் சிதறல் அளவு டப்பா மேலயே அச்சடிச்சு வரணும். அரவங்காடும் திருச்சியும் இதுல பங்கெடுக்கணும். அங்க நம்ம பிள்ளைங்களுக்கு வேலையும் கிடைக்கும்.

5. என்சிசில நல்லா சுடுற பிள்ளைகளைப் பட்டியல் எடுத்து, முகாம் முடிஞ்சதும் பக்கத்து ரைபிள் கிளப்போட இணைச்சு, முதல் 2 வருஷத்துக்குப் பயிற்சித் தோட்டா இலவசமா தரணும். மாவலங்கர் போட்டி வரைக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை தானே நடக்கும்.

6. ஒவ்வொரு சங்கத்துலயும் ஒரு பலகை. என்ன ரகம், எந்த லாட், என்ன விலை, எவ்வளவு ஸ்டாக். கேஸ் சிலிண்டர் விலை தெரியுற நாட்டுல தோட்டா விலை மட்டும் ஏன் காதோட காதா சொல்லணும்?

*நீங்க என்ன செய்யலாம்?*

உங்க மாவட்டத்துல ரைபிள் கிளப் இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க. அங்க சுடுற பிள்ளைகள்கிட்ட மூணே கேள்வி கேளுங்க. தோட்டா என்ன விலை? கடைசியா எப்போ ஸ்டாக் இல்லாம போச்சு? லாட் மாத்தி மாத்தி வருதா? பதிலை நம்ம மாவட்ட ஐடி விங் பொறுப்பாளர்கிட்ட கொடுங்க. பேர் போட வேண்டாம், விவரம் போதும். அதைத் தொகுத்துக் கட்சித் தலைமைக்கும், நம்ம எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள் கைக்கும் கொண்டு போய்ச் சேர்க்கிறது எங்க பொறுப்பு. நாடாளுமன்றத்துல கேக்க வேண்டியது வரி, இறக்குமதி. சட்டமன்றத்துல கேக்க வேண்டியது வங்கி, சோதனைக் கூடம். ரெண்டு இடத்துலயும் ஒரே குரல்ல கேப்போம்.

அடுத்த ஒலிம்பிக் 2028, லாஸ் ஏஞ்சல்ஸ். ஒரு ரைபிள் வீரர் உருவாக வருஷக்கணக்காகும். அதனால இன்னைக்கு நாம கேக்குறது 2028 மேடைக்கு மட்டும் இல்ல. இப்போ எட்டாவது படிச்சுக்கிட்டு, முதல் தடவை என்சிசி சட்டை போட்டிருக்கிற பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை 2036ல எங்க நிக்கணும்னு இன்னைக்கு வாங்குற தோட்டா டப்பா முடிவு பண்ணுது.

பதக்கம் வந்த பிறகு பரிசுத் தொகை அறிவிக்க எல்லா அரசுக்கும் தெரியும். பதக்கத்துக்கு முன்னாடி ஒரு டப்பா தோட்டா கொடுக்கத் தெரிஞ்ச அரசுதான் நமக்கு வேணும்.

படிச்சுட்டு அப்படியே போயிடாதீங்க. ஷேர் பண்ணுங்க. என்சிசில இருக்கிற உங்க தங்கச்சிக்கு, தம்பிக்கு அனுப்புங்க.

#தோட்டா_விலையைக்_குறை
#வெல்லப்போறவனுக்கும்_சலுகை
#அரவங்காடு_முதல்_ஒலிம்பிக்_வரை